வானத்தைப் படித்த முன்னோரும் பிறை தேடும் நாமும்





சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ரமளான் மாதத்தின் 29ஆம் நாள் மாலை. நோன்பு திறந்து மஃரிப் தொழுது முடித்ததும் வழக்கம்போல் பலரும் பிறை தேடி மாடிகளில் ஏறினர். மேற்கு வானில் மேகம் கலைவதும் கூடுவதுமாக இருந்தது. சற்று நேரத்தில், பனியன் கம்பெனியில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து, "ஹஜ்ரத், பிறையைப் பார்த்துவிட்டேன்" என்றார். தொழுகையாளி, பொய் சொல்லத் தெரியாதவர். "எவ்வாறு இருந்தது?" என்று கேட்டோம். "குடை விரித்தது போல, இரண்டு முனையும் கீழே பார்த்தபடி இருந்தது" என்றார்.

சாட்சி சொல்பவரின் தகுதி என்ன, எத்தனை பேர் வேண்டும், எச்சொல்லால் சாட்சியம் கூற வேண்டும் என்ற சட்டங்களையெல்லாம் ஓதியிருந்த நமக்கு, அத்தகைய பிறை வானில் தோன்றக்கூடியதுதானா என்பது மட்டும் தெரியவில்லை. ஏற்கவும் இயலாமல் மறுக்கவும் இயலாமல் நின்றோம். இரவில் தலைமை காஜியின் அறிவிப்பு வந்து விவாதம் முடிந்தது; நம் உள்ளத்தின் உறுத்தல் முடியவில்லை.

பின்னொரு நாள், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் கற்பிக்கும் சகோதர சமயத்து நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டோம். அவர் ஓர் எலுமிச்சம்பழத்தையும் கைவிளக்கையும் எடுத்து இரண்டே நிமிடத்தில் விளக்கிவிட்டார். நிலவின் ஒளிரும் பக்கம் எப்போதும் சூரியனை நோக்கியே இருக்கும். பிறை தெரியும் நேரத்தில் சூரியன் அதற்குக் கீழே அடிவானில் மறைந்திருக்கிறது. ஆகவே வளைவு கீழேயும் முனைகள் மேலேயும், நம் ஊர் வானில் ஏறக்குறைய ஒரு தோணியைப் போல, பிறை காட்சி தரும். முனைகள் கீழ்நோக்கிய தலைப்பிறை என்பதே இல்லை. அவ்விளைஞர் பொய்யுரைக்கவில்லை; அந்தி ஒளி பட்ட மேகக் கீற்றைக் கண்டு ஏமாந்திருக்கிறார். அவரை நல்ல முறையில் திருத்தும் அறிவு நம்மிடம் இல்லாது போயிற்று. இந்த அறிவு எங்கே சென்றது என்று தேடியபோது நாம் கண்ட வரலாற்றையே இங்கு எழுதுகிறோம்.

அவிநாசியில் ஒரு காலைப்பொழுது

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணியளவில், நம் பகுதியில் சூரியன் ஒளி வளையமாகக் காட்சியளித்த கங்கண கிரகணத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அன்று கிரகணத் தொழுகையும் நடைபெற்றது. இதற்கு 148 ஆண்டுகளுக்கு முன், 1871 டிசம்பர் 12 காலையில், முழுச் சூரிய கிரகணம் ஒன்று இதே வட்டாரத்தைக் கடந்து சென்றது. அதைக் காண உலகின் பல பாகங்களிலிருந்தும் அறிஞர்கள் தென்னிந்தியாவிற்கு வந்தனர். பிரான்சின் ஜான்சென் நீலகிரியின் சோலூரிலும், இங்கிலாந்தின் லாக்யர் மலையாளக் கரையில் பேக்கல் கோட்டையிலும் கருவிகளை நிறுவினர். சென்னை வான் ஆய்வகத்தின் குழு முகாமிட்ட இடமோ, திருப்பூருக்கு அருகிலுள்ள நம் அவிநாசிதான்!

சென்னை வான் ஆய்வகம், 1786இல் வில்லியம் பெட்ரி என்பவர் எழும்பூரில் தம் சொந்தப் பொறுப்பில் தொடங்கி, 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியால் நுங்கம்பாக்கத்தில் நிலைநிறுத்தப்பட்டது. அதன் அவிநாசிக் குழுவில் இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் பிறந்து, அந்த ஆய்வகத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றியவர். 1867இல் ரெட்டிகுலம் என்னும் தென்வான விண்மீன் குழுவில் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872இல் இலண்டனின் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானார். அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

அவர் வாழ்வில் நமக்கொரு படிப்பினை உண்டு. பழைய வாய்பாடுகளை வைத்துக் கணித்த பஞ்சாங்கங்கள் வானில் உள்ள நிலையோடு பொருந்தவில்லை என்பதை அவர் கண்டார். அதற்காக முன்னோரைப் பழிக்கவுமில்லை. ஏட்டில் உள்ளதே போதும் என்று இருந்துவிடவுமில்லை. வானைப் பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும் என்றார். அவ்வாறே திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து சென்ற நிகழ்ச்சியைப் பாமரரும் அறிய வேண்டுமென்று உரையாடல் வடிவில் ஒரு சிறு நூல் எழுதி, உருது உள்ளிட்ட மொழிகளிலும் வரச் செய்தார். 1880இல் அவர் மறைந்தார். தம் சமூகத்தின் வழிபாட்டு நாள்கள் சரியாக இருக்க வேண்டுமென்று வானத்தை நோக்கிய ஒருவரின் கவலையும் பிறையைப் பற்றிய நம் கவலையும் வேறுவேறல்ல.

பள்ளிவாசலில் ஒரு வானியலாளர்

நம் மார்க்கக் கல்வியில் இத்துறை பெற்றிருந்த இடம் பெரிது. சூரியனும் சந்திரனும் ஆண்டுகளின் கணக்கை மனிதர் அறிவதற்காக அமைக்கப்பட்டவை என்பதை யூனுஸ் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் உணர்த்துகிறது. ஐவேளைத் தொழுகையின் நேரம், கிப்லாவின் திசை, மாதத்தின் தொடக்கம் ஆகிய மூன்றும் வானோடு தொடர்புடையவை. ஆகவே பெரும் பள்ளிவாசல்களில் முஅத்தின் இருந்ததைப் போல 'முவக்கித்' என்னும் நேரக் கணிப்பாளரும் இருந்தார். திமிஷ்கின் உமய்யா பள்ளிவாசலில் அப்பணியில் இருந்த இப்னு ஷாத்திர் (1304-1375), 1371இல் அதன் மினாராவுக்கென ஒரு சூரியக் கடிகாரம் செய்தார். சந்திரனின் இயக்கத்திற்கு அவர் வகுத்த கணித அமைப்பையே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் கோப்பர்நிக்கஸின் நூலிலும் காண்கிறோம். பள்ளிவாசல் ஊழியர் ஒருவரின் கணக்கு அது!

சமர்கந்தில் ஆட்சி செய்த உலூக் பேக், 1437இல் நிறைவுற்ற பட்டியலில் 1018 விண்மீன்களின் இடங்களைக் குறித்தார். அவருடைய ஆசிரியர் காழிஸாதா ரூமி 1412இல் எழுதிய 'ஷரஹ் சக்மீனி' என்னும் வானியல் நூல், இந்திய மதரஸாக்களின் நிஜாமிய்யா பாடத்திட்டத்தில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. நாம் ஓதிய காலத்தில் அந்நூலின் பெயரைக் கேட்டோம், பாடத்தைக் கேட்கவில்லை. அதன் பழைய புவிமையக் கொள்கை இன்று செல்லாது என்பது உண்மையே. ஆனால் பழைய நூல் நீங்கிய இடத்தில் புதிய நூல் வரவில்லை. அந்த இடமே வெறுமையாகிவிட்டது.

கடற்கரையின் பலகை

நம் மஹல்லாக்களில் கிழக்குக் கடற்கரையைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்களும் உள்ளன. அக்கரையின் மரக்கலங்களைச் செலுத்தியவர்களுக்கு வானமே வரைபடம். 'மாலுமி' என்னும் தமிழ்ச்சொல்லே ஆசிரியர் எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்ததாகும்.

அரபியர் 'கமால்' என்றும் நம் கடலோடிகள் 'ராப்பலகை' என்றும் அழைத்த கருவி, ஒரு சிறு மரப்பலகையும் முடிச்சிட்ட கயிறுமே ஆகும். பலகையின் நடுவே கட்டிய கயிற்றின் ஒரு முடிச்சைப் பல்லில் கடித்து, கயிறு இறுகும்வரை பலகையை முன்னே நீட்டுவர். பலகையின் கீழ் விளிம்பு கடலின் அடிவானிலும் மேல் விளிம்பு துருவ விண்மீனிலும் பொருந்தினால், அம்முடிச்சுக்குரிய துறைமுகத்தின் நேரே கலம் வந்துவிட்டது என்று பொருள். வடக்கே செல்லச் செல்லத் துருவ விண்மீன் உயரும், கயிறு குறுகும். உயரத்தை விரற்கணக்கில் அளந்தனர். ஒரு விரல் ஏறத்தாழ 1.6 பாகை. சோழமண்டலக் கரை மாலுமிகளிடம் இக்கருவி புழங்கியதை, காங்கிரீவ் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1850இல் சென்னை இதழ் ஒன்றில் பதிவு செய்திருக்கிறார்.

நம் மாடியிலிருந்து தொடங்குவோம்

இரவு ஷிப்டு விளக்குகளாலும் புகையாலும் திருப்பூரின் வானம் வெளிறியிருப்பது உண்மையே. ஆயினும் கற்கத் தொடங்குவதற்கு இங்குள்ள வானமே போதுமானது, தொலைநோக்கியும் தேவையில்லை.

1. கையை நேராக நீட்டி விரல்களை மடக்கினால், அம்முட்டியின் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகை. திருப்பூர் 11 பாகை வட அகலாங்கில் உள்ளதால், நேர் வடக்கே அடிவானிலிருந்து ஒரு முட்டிக்குச் சற்று மேலே துருவ விண்மீன் நிற்கும். ஊருக்கு வெளியே, தெளிந்த இரவில் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

2. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இஷாவுக்குப் பின் கார்த்திகைக் கூட்டத்தைப் பாருங்கள். அரபியில் அது 'துரய்யா'. அதன் பின்னே சிவந்து வரும் ரோகிணிக்கு உலகம் வழங்கும் பெயர் அல்டெபரான். 'பின்தொடர்வது' எனப் பொருள்படும் அரபுச் சொல் அது. நம் திருவோணத்தின் உலகப் பெயரான அல்டேர், 'பறக்கும் கழுகு' என்ற அரபுப் பெயரின் எச்சம். நம் தாய்மொழிப் பெயரும் நம் மார்க்க மொழியின் பெயரும் ஒரே விண்மீனில் சந்திக்கின்றன.

3. ஆண்டுதோறும் மே 28 பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16 பிற்பகல் 2.57 மணிக்கும் சூரியன் மக்காவின் உச்சியில் நிற்கும் (லீப் ஆண்டுகளில் ஒரு நாள் முன்னதாக). அந்நேரத்தில் ஒரு தூக்குக்குண்டின் நிழலைத் தரையில் கோடிடுங்கள். நிழலுக்கு எதிர்த்திசையே கிப்லா. நமக்கு அது நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 21 பாகை. சூரியனை வெறுங்கண்ணால் ஒருபோதும் நோக்கலாகாது.

4. ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் இடைப்பட்ட காலம் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம். நிலவு நாளொன்றுக்கு 12 முதல் 13 பாகை வரை சூரியனை விட்டுக் கிழக்கே விலகும். அமாவாசை கடந்து பதினைந்து மணி நேரம்கூட ஆகாத பிறையை வெறுங்கண்ணால் காண்பது மிக அரிது. இதை அறிந்தவரே எங்கே, எப்போது, எவ்வளவு உயரத்தில் தேட வேண்டும் என்பதை அறிவார்.

நிர்வாகக் குழுவினரிடம் நமது வேண்டுகோள் ஒன்றே. ரமளானுக்கும் பெருநாளுக்கும் மட்டும் பிறை தேடுவதால் கண் பழகாது. ஆண்டின் பன்னிரண்டு மாதங்களிலும் 29ஆம் நாள் மாலை, மதரஸாப் பிள்ளைகளை ஆசிரியர் ஒருவருடன் பள்ளிவாசல் மாடிக்கு அனுப்புவோம். கண்டதையும் காணாததையும், நேரத்தையும் உயரத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதச் செய்வோம். அந்த இயற்பியல் ஆசிரியர் வந்து கற்பிக்க இசைந்துள்ளார். அன்று ஓடிவந்த இளைஞரும் உடன் நிற்பதாகக் கூறியிருக்கிறார்.

பார்க்கத் தெரிந்த சாட்சிகளையும், கேட்கத் தெரிந்த ஆலிம்களையும் நம் மஹல்லாவிலிருந்து உருவாக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.