வாக்காளர் அடையாள அட்டையும் கிராமமும்

வாக்காளர் புகைப்பட அடையாள அட்டை, மக்கள் பேச்சில் 'ஓட்டர் ஐடி', வாக்குச்சாவடிக்கு வந்திருப்பவர் பட்டியலில் உள்ள அதே ஆள்தான் என்று காட்டுவதற்காக இந்தியத் தேர்தல் ஆணையம் வழங்கும் சான்று. இதற்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது 1958இல். நாடு முழுவதற்கும் ஆணை பிறந்தது 1993இல். சாவடியில் ஏதாவதொரு சான்று காட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் வந்தது 2000இல். கிராமத்து மக்களுக்கு இது சுமையா என்ற கேள்வி இந்த மூன்று கட்டத்திலும் எழுந்தது. அட்டைக்காகக் கிராமத்தார் அலுவலகத்துக்கு நடந்தார்களா, அலுவலர் கிராமத்துக்கு நடந்தாரா என்பதைப் பொறுத்து விடையும் மாறிவந்திருக்கிறது.

அட்டைக்கு முன்

1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எழுதப் போனவர்கள் புகைப்படத்தை யோசிக்கவே இல்லை; பெயரை வாங்குவதே பெரும்பாடாக இருந்தது. வட மாநிலக் கிராமங்களில் பெண்கள் அந்நிய ஆணிடம் தம் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். எழுதப் போனவர்களும் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் தராத பதிவுகளை நீக்கச் சொன்னார். ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளரில் சுமார் 28 லட்சம் பேர் அப்படி விடுபட்டுப் போனார்கள். பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசத்துக்காரர்கள். அடையாளம் என்ற நிபந்தனை கிராமத்தில் வாங்கிய முதல் பலி இதுதான் என்று சொல்லலாம். கணவன் பெயரைச் சொல்லத் தயங்கிய பாட்டிமார்களைக் கண்ட தமிழ்நாட்டு வாசகருக்கு இது புரியாத கதையாக இருக்காது.

அந்தக் காலத்தில் ஆளை அடையாளம் காட்டியது முகம். வாக்காளரை இனங்காண உதவ, தகுந்தவர் என்று தாம் கருதும் ஆட்களைச் சாவடியில் வைத்துக்கொள்ளலாம் என்று 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள் தலைமை அலுவலருக்கு அனுமதி தருகின்றன. தமிழ்க் கிராமத்தில் ஊராரைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் கர்ணமும் மணியக்காரரும் தலையாரியும்தான். முகம் பார்த்து ஆள் சொல்வது செலவில்லாத வழி. ஆனால் யோக்கியமான வழி என்று சொல்லிவிட முடியாது. ஊரை அறிந்தவர் ஊரின் மேல்தட்டைச் சேர்ந்தவராகவும் இருந்தார். சேரியிலிருந்து வந்தவரிடம் "உன் ஓட்டப் போட்டாச்சு, போ" என்று திருப்பி அனுப்பும்போது எதிர்த்துக் காட்டக் கையில் எதுவும் கிடையாது. அட்டையைச் சுமை என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போய்விடுகிறார்கள்.

கல்கத்தா சோதனை

1958 சட்டத்திருத்தம், ஆள்மாறாட்டத்தைத் தடுக்க அட்டை வழங்க வழிசெய்தது. குறி வைத்தது கிராமத்தை அல்ல. மக்கள் நெருக்கிக்கொண்டு வாழும் நகரங்களை. 1960இல் கல்கத்தா தென்மேற்கு மக்களவைத் தொகுதி இடைத்தேர்தலில் சோதித்துப் பார்த்தார்கள். சுமார் 3.42 லட்சம் வாக்காளரில் படம் எடுக்க முடிந்தது 2.13 லட்சம் பேரை மட்டுமே. வீட்டுக்குப் போனால் ஆள் இல்லை. இருந்த பெண்களில் பலர் படம் எடுக்க இணங்கவில்லை. டிராம் ஓடும் ஊரிலேயே இந்தக் கதி என்றால் மண்சாலை கூட இல்லாத ஊரில் என்ன ஆகும் என்று ஆணையம் திட்டத்தைக் கட்டிவைத்தது. அதன்பின் 1979இல் சிக்கிம் சட்டமன்றத் தேர்தலில்தான் அட்டை மறுபடி தலைகாட்டியது. பிறகு அசாம், மேகாலயா, நாகாலாந்து என்று எல்லைப்புற மாநிலங்களுக்குப் போனது.

சேஷனின் ஆணை

1993 ஆகஸ்ட் 28 அன்று அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் நாட்டின் எல்லா வாக்காளருக்கும் அட்டை தர உத்தரவிட்டார். அன்றைக்கு வாக்காளர் எண்ணிக்கை சுமார் 50 கோடி. 1995 தொடக்கத்துக்குப் பிறகு அட்டை இல்லாத இடத்தில் தேர்தலே கிடையாது என்றும் மிரட்டினார். செலவு யாருடையது என்று மாநிலங்கள் முரண்டுபிடித்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அட்டை கொடுத்து முடியாததைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்க முடியாது என்ற நிலை அங்கே உறுதிப்பட்டது. இந்த அட்டையின் வரலாற்றில் முக்கியமான திருப்பம் என்று நான் கருதுவது சேஷனின் ஆணையைவிட அதற்குப் போடப்பட்ட இந்தக் கடிவாளத்தைத்தான்.

படம் எடுக்கும் முகாம் ஊராட்சி அலுவலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ நடக்கும். சுவரில் ஒரு துணி, முன்னால் ஒரு நாற்காலி, கேமரா, வரிசை. முந்தின நாள் தண்டோரா போட்டிருப்பார்கள். நாற்று நடவுக்குப் போனவர், செங்கல் சூளைக்குப் போனவர், கரும்பு வெட்டப் போனவர் வரிசையில் இருக்கமாட்டார். வந்தாலும் அன்றைய கூலி போயிற்று. சில மாதம் கழித்துக் கையில் வருவது பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டிய கறுப்பு வெள்ளை அட்டை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கருந்திட்டு ஒன்று. கண் எது மூக்கு எது என்று தேடவேண்டும். "இது நான்தானா?" என்று கேட்டுச் சிரிக்காத ஊர் இருந்திருக்காது. ஆனாலும் கணக்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கேமராவை ஊருக்குத் தூக்கிவந்த செலவு அரசுடையது. அட்டைக்குக் காசு வாங்கவில்லை.

படத்தைவிடப் பெரிய தொல்லை எழுத்து. ஒரே பெண்ணின் பெயர் ரேஷன் கார்டில் 'சின்னப்பொண்ணு', ஓட்டர் ஐடியில் 'சின்னப்பொன்னு', நூறு நாள் வேலை அட்டையில் 'சின்னம்மாள்' என்று இருக்கும். குலசாமி பெயரைத் தாங்கியவருக்கு முன்னெழுத்து ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொன்று. வயது, கேட்ட அலுவலர் பார்த்த மாத்திரத்தில் போட்டது. பட்டணத்துக்காரருக்கு இதைத் திருத்த ஒரு மதியம் போதும். மலையடிவாரத்துக்காரர் தாலுகா அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய், இ-சேவை மையத்தில் உட்கார்ந்து, 'சர்வர் டவுன்' என்று கேட்டுத் திரும்பவேண்டும்.

கட்டாயமும் மாற்று ஆவணங்களும்

2000 பிப்ரவரியில் ஹரியானா சட்டமன்றத் தேர்தலில் அடையாளம் காட்டுவது கட்டாயமானது. பின்னர் மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. அந்தக் கட்டாயத்தோடு கூடவே மாற்று ஆவணப் பட்டியலும் வந்தது. ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பான் அட்டை ஆகியவை ஊரகத்தில் பலருக்குப் பயன்படாதவை. கிராமத்தைத் தாங்கியவை புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், ஓய்வூதிய ஆவணம், ஊரக வேலை உறுதித் திட்ட அட்டை, பிற்பாடு ஆதார். தமிழ்நாட்டு வீட்டில் பத்திரமாக டிரங்குப் பெட்டியில் கிடக்கும் முதல் தாள் ரேஷன் கார்டுதான். அது இன்றைய பட்டியலில் இல்லை. 2014 தேர்தலில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த புகைப்பட வாக்காளர் சீட்டை அடையாளமாகக் காட்ட முடிந்தது. 2019 முதல் அது தனித்துச் செல்லாது என்றாயிற்று.

2009 தேர்தல் முதல் பெரும்பாலான மாநிலங்களில் பட்டியலிலேயே புகைப்படம் இருக்கிறது. சாவடி அலுவலர் அட்டையையும் பார்க்கலாம், ஏட்டையும் பார்க்கலாம். ஆகவே இன்றைய புலம்பல் பெரும்பாலும் வேறு: "ஐடி இருக்கு சார், லிஸ்ட்ல பேரு இல்ல." அட்டை வைத்திருப்பது உரிமையைத் தராது, பட்டியலில் இருப்பதே தரும் என்பது சட்டம். முப்பது ஆண்டு அட்டையைப் பத்திரப்படுத்தியவருக்கு இதைச் சாவடி வாசலில் விளக்கிப் புரியவைக்க முடியாது. வாக்கு ஏற்கெனவே வேறொருவரால் போடப்பட்டிருந்தால் 49பி விதிப்படி ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு கேட்கலாம். 2018இல் வந்த 'சர்கார்' படம் இந்த விதியைப் பேசிய பிறகுதான் அந்த எண் தமிழ்நாட்டு டீக்கடை வரை வந்து சேர்ந்தது.

பிற நாடுகளில்

இலங்கையில் இந்தச் சிக்கல் மலையகத் தோட்டங்களில் கூர்மையாகத் தெரிந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தொழிலாளரை நாடற்றவராக்கியது. நாடற்றவராகவே எஞ்சியவர்களுக்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம். 1972இல் தொடங்கிய தேசிய அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும்; லயன் அறையில் மருத்துவிச்சி கையில் பிறந்த பலருக்கு அது இல்லை. வீட்டுக்கென்று தனி முகவரியும் இல்லை, தபால் தோட்ட அலுவலகத்துக்கு வரும். விண்ணப்பத்தை உறுதிப்படுத்துவோரில் ஒருவர் தோட்டத் துரை. தன்னிடம் வேலை வாங்குகிறவர் கையெழுத்தில் ஒருவரின் வாக்கு தொங்கியது.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் தடை முகவரி வடிவில் வந்தது. அடையாளச் சான்றில் தெருப்பெயரோடு கூடிய வீட்டு முகவரி வேண்டும் என்றது சட்டம். பழங்குடி ஒதுக்கிடங்களில் பல வீடுகளுக்குத் தெருப்பெயரே கிடையாது, அஞ்சல் பெட்டி எண்தான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. தேர்தலுக்குச் சில வாரமே இருந்த நிலையில் பழங்குடி நிர்வாகங்கள் தாமே முகவரி குறித்து இலவசமாக அட்டை அடித்துக் கொடுத்தன. இத்தகைய சட்டங்கள் மொத்த வாக்குப்பதிவைக் குறைக்கவில்லை என்று 2008 முதல் 2018 வரையிலான அமெரிக்கத் தேர்தல்களை வைத்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. நாடு முழுவதன் சராசரிக்குள் ஒதுக்கிடத்து வீடு ஒன்று கண்ணுக்குத் தெரியாது. தடையை மீற யார் எவ்வளவு ஓடினார்கள் என்பதும் தெரியாது.

சிறப்புத் தீவிரத் திருத்தம்

2025 ஜூன் 24 அன்று பீகாரில் பட்டியலைப் புதிதாக எழுத ஆணையம் உத்தரவிட்டபோது காற்று திசை மாறியது. 2003 பட்டியலில் பெயர் இல்லாதவர் 11 ஆவணங்களில் ஒன்றைக் காட்டவேண்டும். ஆதாரும் ரேஷன் கார்டும் அதில் இல்லை. ஆணையமே கொடுத்த ஓட்டர் ஐடியும் இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றும் பிறப்புச் சான்றும் பாஸ்போர்ட்டும் இருந்தன. கேட்ட காலமோ மழையும் நடவும் கூடிய ஜூலை. இளைஞரில் பலர் பஞ்சாபிலும் தமிழ்நாட்டிலும் கூலி வேலையில். இருப்பிடச் சான்று வாங்க வட்டார அலுவலகங்களில் கூட்டம் நெரிந்தது. 7.89 கோடிப் பட்டியல் வரைவில் 7.24 கோடியானது. நீக்கப்பட்ட சுமார் 65 லட்சம் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடச் சொன்னது உச்ச நீதிமன்றம். செப்டம்பரில் ஆதாரைப் பன்னிரண்டாவது ஆவணமாகச் சேர்க்கவும் வைத்தது. செப்டம்பர் 30இல் வந்த இறுதிப் பட்டியலில் இருந்தவர்கள் 7.42 கோடி. இறந்தவர், ஊர் மாறியவர், இரட்டைப் பதிவு ஆகியவையே நீக்கத்துக்குக் காரணம் என்றது ஆணையம். அது பெருமளவு உண்மையாகவே இருந்தாலும், மெய்ப்பிக்கும் வேலை வாக்காளர் தலையில் ஏறியது என்பது மறுக்க முடியாதது. இந்தச் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாடும் சேர்ந்தது. நவம்பரில் படிவங்களோடு வீடு வீடாகப் போனவர்கள் அங்கன்வாடிப் பணியாளரும் ஆசிரியரும்தான். இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் தாய் தகப்பன் பெயரைத் தேடிக் கொடுக்கவேண்டியது மட்டும் வீட்டுக்காரர் பொறுப்பு.

தேர்தல் நாளில் இந்த ஏற்பாடு மறுபடி தலைகீழாகிறது. தருமபுரி மாவட்டம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில் ஏறிப் போயிருக்கிறது. நாமக்கல்லின் போதமலைக்கு அலுவலர்கள் தலைச்சுமையாகக் கொண்டு நடந்திருக்கிறார்கள். அங்கே ஒருவர் ஆள் சரியில்லை என்று கட்சி முகவர் மறுப்புச் சொல்ல வேண்டுமானால், விதிப்படி முதலில் இரண்டு ரூபாய் கட்டவேண்டும். மறுப்பு வெட்டியானது என்று தெரிந்தால் அந்தப் பணம் திரும்பி வராது.