வயசான பெரிய நாயைத் தத்தெடுக்கப் போறீங்களா? வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி இதைக் கவனிங்க!

நாய் தத்தெடுக்கக் காப்பகத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'குட்டி இருக்கா?' என்பதுதான். ரெண்டு மாசக் குட்டிக்குச் சீக்கிரமே வீடு கிடைச்சிடும். எட்டு வயசு லேப்ரடாரோ, ஜெர்மன் ஷெப்பர்டோ கம்பிக்குப் பின்னாடி காத்துக்கிட்டே இருக்கும். வயசும் உருவமும் சேர்ந்துட்டா, அந்த நாய்க்கு ஆள் கிடைக்கிறது ரொம்பவே கஷ்டம்.

ராயக்கோட்டை, ஓசூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பெங்களூரு காப்பகங்கள் கூப்பிடு தூரம்தான். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். அங்கே 1991-ல் கிரிஸ்டல் ரோஜர்ஸ் தொடங்கிய 'கம்பாஷன் அன்லிமிடெட் ப்ளஸ் ஆக்‌ஷன்' அமைப்பு, கைவிடப்பட்ட உயர் ரக நாய்களுக்காகவே 'செகண்ட் சான்ஸ்' என்ற மையத்தை நடத்துகிறது. சென்னைப் பக்கம் என்றால், கேப்டன் வி.சுந்தரம் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் இருக்கிறது.

ஏன் கைவிடுகிறார்கள்?

வேலை மாற்றம், வெளிநாட்டுப் பயணம், வாடகை வீட்டுப் பிரச்னை, மருத்துவச் செலவு... காரணங்கள் பல. குட்டி போட வைத்தே சம்பாதித்துவிட்டு, வயசானதும் ரோட்டில் விடுகிறவர்களும் உண்டு. வளர்த்த நாயைத் தெருவில் விடுவது 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால், முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். ஒரு பிளேட் பிரியாணி விலைகூட இல்லை!

எத்தனை வருஷம் இருக்கும்?

சின்ன ரக நாய்கள் பத்து வயசுலகூட துள்ளிக்கிட்டுத் திரியும். பெரிய ரகங்களுக்கு ஏழு வயசுலேயே முதுமை தொடங்கிடும். கிரேட் டேன் மாதிரி ராட்சத ரகங்களுக்கு இன்னும் சீக்கிரம். லேப்ரடாரின் ஆயுள் பொதுவாக 10 முதல் 12 வருஷம். எட்டு வயசுல கூட்டிட்டு வந்தா, உங்க கையில இருக்கிறது ரெண்டு முதல் நாலு வருஷம்தான். இதை வீட்டிலுள்ள எல்லாரும், முக்கியமாகக் குழந்தைகள், தெரிஞ்சுதான் சம்மதிக்கணும்.

லாபமும் இருக்கு. செருப்பைக் கடிக்கிற வயசு தாண்டியிருக்கும். எவ்வளவு பெரிசா வளரும்ங்கிற சஸ்பென்ஸ் கிடையாது. நாளின் பெரும்பகுதி தூங்கும். ஆனால், சிறுநீரை ரொம்ப நேரம் அடக்க முடியாது. கணவன், மனைவி ரெண்டு பேரும் சிப்காட்டில் ஒரே ஷிப்ட்டுக்குப் போய், பத்து, பன்னிரண்டு மணி நேரம் பூட்டிக் கிடக்கிற வீடு இதுக்குச் சரிவராது.

காப்பகத்தில் கேட்க வேண்டியவை

* ஏன் விட்டுட்டுப் போனாங்க? யாரையாவது கடிச்சிருக்கா?
* ரத்தப் பரிசோதனை எடுத்தாங்களா? சிறுநீரகம், கல்லீரல், உண்ணிக் காய்ச்சல் முடிவுகள் என்ன?
* எழுந்து நிற்கச் சிரமப்படுதா? படி ஏறுதா?
* கருத்தடை ஆயிடுச்சா? கருத்தடை செய்யாத வயசான பெண் நாய்க்கு கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து அதிகம்.
* குழந்தைகள், ஆடு, மாடு, கோழி பார்த்தா எப்படி நடந்துக்கும்? தோட்டத்து வீட்டுக்காரர்கள் இதைக் கேட்காமல் வரவே கூடாது.
* எந்த மொழியில பேசிப் பழக்கினாங்க? 'வா'ன்னு கூப்பிட்டுத் திரும்பாத நாய், 'பா'ன்னு கன்னடத்தில் கூப்பிட்டா ஓடி வரலாம். நம்ம ஊர்க்காரங்களுக்கு அது ஒரு பிரச்னையே இல்லை!

தடுப்பூசி அட்டையைக் கையோடு வாங்கிடுங்க. வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசிடுங்க.

வீட்டில் என்ன மாற்றணும்?

டைல்ஸ் தரைதான் முதல் எதிரி. மூட்டுத் தேய்ந்த நாய் வழுக்கி விழுந்தால் எழுந்திருக்கவே பயப்படும். அது நடக்கிற பாதையில் சாக்கையோ, தென்னை நார் மிதியடியையோ போடுங்க. மார்கழிக் குளிர் இந்தப் பக்கம் சும்மா விடாது, மூட்டு வலியைக் கூட்டும். கனமான மெத்தை, காத்து அடிக்காத மூலை ரெண்டும் அவசியம். மாடி வீடு, லிஃப்ட் இல்லை என்றால் யோசிங்க. 30 கிலோவுக்கு மேல் இருக்கிற நாயை, முடியாத நாளில் தூக்க ரெண்டு பேரும் ஒரு கெட்டியான போர்வையும் வேணும்.

சாப்பாடு

ராகிக் களியும் மோரும் மட்டும் போதாது. முட்டை, வேகவைத்த கோழி மாதிரி புரதம் வேணும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டர் சொல்லணும். ஒரே வேளையில் கொட்டாமல் ரெண்டு, மூணு வேளையாகப் பிரிச்சுக் கொடுங்க. சாப்பிட்ட உடனே ஓட விடாதீங்க. பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி, முறுக்கிக்கும் ஆபத்து இருக்கு. வயிறு வீங்கி, வாந்தி வராமல் குமட்டினால் அது அவசர சிகிச்சை, ஒரு மணி நேரம்கூட தாமதிக்கக் கூடாது. வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு வேண்டாம். கிருஷ்ணகிரி மாம்பழ சீஸனில் கொட்டையைக் கண்ணில் படாமல் போடுங்க. விழுங்கிட்டா குடலை அடைச்சிடும்.

மருத்துவம்

உள்ளூர் அரசு கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி, குடற்புழு மருந்துக்குப் போகலாம். எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை சிகிச்சைக்கு எங்கே போறதுன்னு முன்னாடியே விசாரிச்சு வைங்க. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, பெங்களூரு ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி ரெண்டும் உண்டு. நடுராத்திரியில் பெரிய நாயை ஏற்றும் வண்டி யாரிடம் இருக்குங்கிறதும் தெரிஞ்சிருக்கணும். நொண்டுதேன்னு பாராசிட்டமால், ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக்னு வீட்டில் இருக்கிறதைக் கொடுத்துடாதீங்க. உயிருக்கே ஆபத்து.

முதல் மூணு மாசம்

காப்பகங்களில் '3-3-3' என்று ஒரு கணக்கு சொல்வார்கள். முதல் மூணு நாள் பயம், மூணு வாரத்தில் வீட்டு வழக்கம் புரியும், மூணு மாசத்தில் 'இது என் வீடு'ங்கிற நம்பிக்கை வரும். முதல் வாரம் சொந்தக்காரங்களைக் கூப்பிட்டுக் காட்டாதீங்க. குளிப்பாட்ட அவசரப்படாதீங்க. சாப்பிடலைன்னா ஒரு நாள் பொறுத்துப் பாருங்க, அதுக்கு மேல டாக்டர்தான். ஏற்கெனவே நாய் இருந்தால், வீட்டுக்கு வெளியே ரெண்டையும் சேர்ந்து நடக்க வைத்துப் பழக்குங்க.

கடைசி நாள்

இதைப் பற்றிப் பேசாமல் தத்தெடுக்கக் கூடாது. சாப்பாட்டைத் தொடாமல், எழ முடியாமல், வலி மருந்துக்கும் அடங்காமல் போகும்போது, அமைதியாக அனுப்பிவைக்கும் முடிவை டாக்டரோடு சேர்ந்து நீங்கதான் எடுக்கணும். புதைக்கச் சொந்த நிலம் இருக்கிறது கிராமத்துக்காரங்களுக்கு ஆறுதல்.

இதெல்லாம் நம்மால முடியுமான்னு தயக்கமா? தற்காலிகமா வளர்க்கும் 'ஃபாஸ்டர்' வசதி இருக்கான்னு காப்பகத்தில் கேளுங்க. சில வாரம் வெச்சுப் பார்த்துட்டு முடிவெடுக்கலாம். ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்த நாய் அது. ரெண்டாவது முறையும் இழக்க வைக்கிறதைவிட, 'இப்போ வேண்டாம்'னு சொல்லிட்டு வர்றதே மேல்.