மஃரிபுக்குப் பிந்திய பாடம்

இலங்கையின் கிழக்கே, ஒலுவில் கரையில் பிள்ளைகளின் வேதப் பாடம் வீட்டில்தான் தொடங்கும். மஃரிப் தொழுகை முடிந்ததும் உம்மாவின் பக்கத்தில் அமர்ந்து அல்ஃபாத்திஹா. பிறகு குர்ஆனின் கடைசிச் சிறு அத்தியாயங்கள். எழுத்துக்கூட்டி ஓதவைக்க லெப்பை இருந்தார்.

ஓதினால் போதுமா? பொருள் விளங்க வேண்டாமா? அதற்குத் துணை நின்றது, தமிழை அரபி எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ். ப, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அரபியில் எழுத்தில்லை. இருந்த எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்துப் புதியவை ஆக்கினார்கள். அருமையான யோசனை! குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்கள், தமிழ் எழுத்துப் படிக்காமலே, தமிழில் மார்க்க நூல் வாசித்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இலங்கையிலும் பணியாற்றி, இவ்வெழுத்தில் நூல்கள் தந்தார்.

வீட்டில் தொடங்கும் அந்தப் பாடத்தை இன்று உயர்கல்வியாகவும் தொடரலாம்: 1996இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில்தான் இருக்கிறது. இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிப் பீடமும் அங்குண்டு. ஆனாலும் தொடக்கம் வீடுதான்; வீட்டுப் பெட்டியில் அரபுத்தமிழ் ஏடு கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பிள்ளையை அருகில் இருத்தி, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.