சலூனில் பிறந்த சஞ்சிகை

 கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து நடைதூரத்தில் ஸ்ரீ கதிரேசன் வீதி. ‘மல்லிகை’ சஞ்சிகை அதன் கடைசிக் காலம் முழுவதும், 2012 வரை, அந்த வீதியிலிருந்துதான் வெளிவந்தது. அதன் ஆசிரியர் டொமினிக் ஜீவா 1927இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, 2021 ஜனவரியில் கொழும்பில் காலமானார். முடிதிருத்தும் தொழிலிலிருந்து இலக்கியத்துக்கு உயர்ந்தவர் என்றே அவரைப் போற்றுகிறார்கள். பாராட்டுத்தான், ஆனால் ‘உயர்ந்தவர்’ என்றதுமே தொழில் தாழ்ந்தது என்றாகிவிடுகிறது. உண்மையில் அந்தத் தொழிலிடம்தான் மல்லிகை நிற்கக் கற்றது. 1966 ஆகஸ்டில் முதல் இதழ் வந்தபோது யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி ஜோசப் சலூனே அதற்குக் காரியாலயம். முடிவெட்ட வந்தவரும் கதை கொண்டுவந்தவரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். பேப்பர் வாசிப்பும் அரசியல் வாக்குவாதமும் நாள் முழுக்க நடக்கும் இடம் அது. சாதி இழிசொல் கேட்டுப் பள்ளிப்படிப்பை விட்ட ஜீவாவுக்கு ஊரின் நாடித்துடிப்பு அங்கேதான் பிடிபட்டது. எவருடனும் கூசாமல் பேசும் அந்தப் பழக்கத்தோடுதான் இதழைக் கையில் எடுத்துத் தெருத்தெருவாக விற்றார்.

சஞ்சிகை அவருக்குள் இருந்த சிறுகதைக்காரனை விழுங்கிவிட்டது என்பார்கள். சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960இல் வந்த நூல். அந்த வேகத்தில் அவர் பிறகு கதை எழுதவில்லை என்பது மெய். ஆனால் கென்யாவின் நுகுகி வா தியாங்கோவை நாவல்களை மட்டும் வைத்தா மதிக்கிறோம்? 1977இல் கமிரீத்துக் கிராமத்து மக்களோடு அவர் போட்ட நாடகமும், அதற்காக விசாரணையின்றிக் கிடந்த சிறையும் அவர் இலக்கிய வாழ்வில் சேர்த்தியே. அந்த நீதி ஜீவாவுக்கும் வேண்டும். 400 இதழ்களைத் தாண்டி ஒரு சஞ்சிகையை, அதுவும் போருக்கு நடுவே, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பெயர்த்து நடத்தியதை எழுத்துக்குப் புறம்பான வேலை என்று ஒதுக்க முடியாது.

ஜீவா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், ஆகவே மல்லிகையும் கட்சிப் பத்திரிகை என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. தமிழகக் கம்யூனிஸ்ட் தலைவர் ப. ஜீவானந்தத்தின்மேல் கொண்ட பற்றால் ‘ஜீவா’வைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் அவர்; முற்போக்கு எழுத்தாளர் சங்கத்துக்காரர். சார்பை ஒருநாளும் மறைத்ததில்லை. ஆனாலும் உயிரோடிருக்கும் எழுத்தாளர்களின் படத்தை அட்டையில் போட்டுக் கௌரவித்தபோது அவர் தன் அணிக்குள் மட்டும் ஆள் தேடவில்லை. சிங்களக் கதைகளைத் தமிழாக்கி வெளியிட்டபோதும் அப்படித்தான்.