இடுப்பு மூட்டும் ஏட்டுப் பதிவும்

நோயுற்றோர் நல்ல மருத்துவரை நாடிக் கடல் கடந்து செல்வது புதிய வழக்கமன்று. ஆயினும் இடுப்பு மூட்டு அறுவைக்காக அயல்நாடு செல்வோர் பிறரினும் கூடுதலாக ஒன்றைச் சிந்தித்தாக வேண்டும். புண் ஆறியவுடன் முடிந்துபோகும் சிகிச்சையன்று இது. உடலுள் வைக்கப்பெற்ற பொருள் பல்லாண்டுகள் நோயாளியோடு வாழ வேண்டும். அதன் தரத்தைக் காலமே காட்டும். மருத்துவ உலகம் இதனை எவ்வாறு உணர்ந்தது என்பதை வரலாறு கூறுகின்றது.

இங்கிலாந்தின் லங்காஷயரில், விகன் நகருக்கு அருகே ரைட்டிங்டன் மருத்துவமனை உள்ளது. முன்னர்க் காசநோயாளர் உறைந்த அவ்விடத்தில், ஜான் சார்ன்லி என்னும் மருத்துவர் தேய்ந்த மூட்டை மாற்றும் முறையை வகுத்தார். தொடை எலும்பின் தலைக்கு உலோகக் குமிழையும், அது சுழலும் கிண்ணத்துக்கு டெஃப்லானையும் அமைத்தார். ஏறத்தாழ 300 பேர் இச்சிகிச்சை பெற்றனர். நடக்க இயலாதிருந்தோர் நடந்தனர். ஆனால் சில ஆண்டுகளிலேயே கிண்ணங்கள் தேய்ந்தன. உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த தசையைக் கெடுத்தன. சார்ன்லி இதனை மறைத்தாரல்லர். அப்பொருளைத் தம் தொடையிலேயே செலுத்திச் சோதித்து, கண்டதை வெளியிட்டார்.

1962 ஆம் ஆண்டில், நெசவு இயந்திரப் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்டு வந்த ஒருவகைப் பாலிஎதிலீன் அவர் கைக்குக் கிட்டியது. அவ்வாண்டு நவம்பரில் அதனைக் கிண்ணமாகப் பொருத்தத் தொடங்கினார். வெற்றி கண்டும் அவர் விரையவில்லை. ரைட்டிங்டனுக்கு வந்து பயின்ற மருத்துவர்க்கே மூட்டை விற்கலாம் எனப் பல ஆண்டுகள் கட்டுப்பாடு விதித்தார். தம் மரணத்திற்குப் பின் மூட்டை எடுத்து ஆராயலாம் என நோயாளர் பலர் இசைவு தந்தனர். பின்வருவோர்க்காக அவர்கள் ஒப்படைத்த அமானிதம் என்றே அதனைக் கூறலாம்.

ஒருவர் காத்த இக்கணக்கை நாடுகளும் காக்கத் தொடங்கின. இடுப்பு மூட்டு அறுவைகளைப் பதியும் தேசியப் பதிவேட்டைச் சுவீடன் 1979 இலும், ஆஸ்திரேலியா 1999 இலும் தொடங்கின. இப்பதிவின் அருமை விரைவில் விளங்கிற்று. எலும்பின் தலையை முழுதும் அகற்றாமல் உலோக உறையிடும் பர்மிங்காம் முறை 1997 இல் வந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2006 இல்தான் அதற்கு அனுமதி கிடைத்தது. அதற்குமுன் அதனை விரும்பிய அமெரிக்கர் சிலர் பெல்ஜியத்திற்கும் நம் சென்னைக்கும் வந்து சிகிச்சை பெற்றனர். உலோகத்தோடு உலோகம் உரசும் வகையைச் சேர்ந்த மற்றொரு மூட்டு ஏ.எஸ்.ஆர். என்பது. அது பழுதாவதை ஆஸ்திரேலியப் பதிவேடு முன்னரே சுட்டிக்காட்டியது. 2010 ஆகஸ்டில் அது உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது, ஏறத்தாழ 93,000 பேர் உடலில் அது இருந்தது.

இங்கேதான் அயல்நாட்டில் அறுவை செய்துகொள்வோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். அவர்தம் பெயர் தாய்நாட்டுப் பதிவேட்டில் இராது. எச்சரிக்கைக் கடிதம் எழுதப்பட்டாலும் அது பழைய முகவரிக்கே செல்லும். அவரே தம் பதிவேடாக இருத்தல் வேண்டும்.

ஆகவே ஆயத்தம் ஊரிலேயே தொடங்குக. சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று முதலியவற்றை முன்னரே தீர்த்துக்கொள்க. அவற்றின் கிருமி புதிய மூட்டில் குடியேறக்கூடும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துப் புகையை விடுக. உண்ணும் மருந்துகளை, குறிப்பாக இரத்தம் உறையாதிருக்கத் தரப்படுவனவற்றை, எழுதிக் காட்டுக. அறுவைக்குப்பின் நெடுநேர விமானப் பயணம் காலில் இரத்தம் கட்டும் அபாயத்தைக் கூட்டுமாதலால், எத்தனை நாள் அங்கே தங்க வேண்டும் என முன்பே கேட்டறிக. தரையில் அமரலாமா, குந்தலாமா என்பதையும் வினவுக.

திரும்பும்போது மூட்டின் பெயர், செய்த நிறுவனம், அளவு, தொகுதி எண் ஆகியன அடங்கிய சீட்டையும், அறுவைக் குறிப்பையும், எக்ஸ்ரே படத்தையும் கேட்டுப் பெறுக. இவை கடவுச்சீட்டோடு பேணத்தக்கவை. வலி இல்லையென்று வாளாவிராது, உள்ளூர் மருத்துவர் கூறும் கால இடைவெளியில் படமெடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடுக. ரைட்டிங்டனில் தேய்வைக் காட்டிக் கொடுத்ததும் தொடர்ந்து பார்த்த கண்களே.