பெட்டிக்கு எத்தனை கேம்? முதல்ல வயசைக் கேளுங்க

இந்த எபிசோட் ஒரு தப்புக் கணக்குல இருந்து தொடங்குது. கணக்குப் போட்டது நான்தான்.

2018. இன்ஜினியரிங் கடைசி செமஸ்டர். கிளாஸ் செமினார்ல ஒரு ஸ்லைடு போட்டேன். நின்டெண்டோ ஸ்விட்ச் அந்த மார்ச் வரைக்கும் 1.78 கோடி வித்திருந்தது. அதுக்கான கேம்கள் சுமார் 6.9 கோடி. வகுத்தா ஒரு பெட்டிக்கு 4 கேம்கூட வரல. பிளேஸ்டேஷன் 2-க்கு அந்த விகிதம் 10. "ஸ்விட்ச் தேறாது"ன்னு முடிச்சேன். கடைசி பெஞ்சுல இருந்து ஒருத்தன் கேட்டான்: "டேய், அதுக்கு வயசு என்ன?"

ஒரு வருஷம். நான் ஒப்பிட்ட பிஎஸ்2 கணக்கு 2011 ஜனவரியோடது. பிஎஸ்2 ஜப்பானில் வெளிவந்தது 2000 மார்ச்சில். அதாவது கிட்டத்தட்ட பதினோரு வருஷத்தில் 15 கோடி பெட்டிகள், 150 கோடிக்கும் மேல் கேம்கள். ஒண்ணாங்கிளாஸ் பையனையும் பிளஸ் டூ பையனையும் பக்கத்துல நிக்க வச்சு உயரம் பார்த்திருக்கேன்.

இந்த விகிதம் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. பெட்டியை ஒரு தடவைதான் வாங்குவோம், கேமை வருஷா வருஷம் வாங்குவோம். அதனால வயசு ஏற ஏற விகிதமும் ஏறும். ஆனா புதுசா பெட்டி வாங்குறவர் ஒண்ணு, ரெண்டு கேமோட ஆரம்பிப்பார், அவர் சராசரியைக் கீழே இழுப்பார். புதுக் குடித்தனங்கள் நிறைய வந்த தெருவுல வீட்டுக்கு எத்தனை பாத்திரம்னு எண்ணுற மாதிரி. எண்ணிக்கை குறைவா இருந்தா அந்தத் தெரு ஏழைன்னு அர்த்தமில்ல. ஸ்விட்ச் வேகமா வித்ததுதான் அதோட விகிதத்தைக் குறைச்சுக் காட்டிச்சு.

பிறகு என்ன ஆச்சு? 2025 மார்ச்சில் ஸ்விட்ச் 15.2 கோடி, கேம்கள் 139 கோடி. விகிதம் 9-ஐத் தாண்டியாச்சு. அந்தக் கடைசி ஒரு வருஷத்தை மட்டும் தனியா எடுத்தா, வித்த ஒவ்வொரு பெட்டிக்கும் 14 கேம். பெட்டி விற்பனை குறைஞ்சிடுச்சு, ஏற்கெனவே வாங்கினவங்க மட்டும் கேம் வாங்கிட்டே இருந்தாங்க. வயசான கன்சோலோட வருஷக் கணக்கு எப்பவும் இப்படிப் பளபளப்பாத்தான் இருக்கும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2009-ல் எனக்குப் பன்னிரண்டு வயசு. புதுச்சேரியில் எங்க தெருமுனையில் ஒரு கேம் கடை. சிப் போட்ட பிஎஸ்2, மணிக்கு 20 ரூபாய். 'கிரிக்கெட் 07', 'சான் ஆண்ட்ரியாஸ்', மல்யுத்த கேம்கள், எல்லாமே காப்பி அடிச்ச டிஸ்க். ஒரு பெட்டியில் ஒரு தெருப் பசங்களே விளையாடினோம். கம்பெனிக் கணக்குல அந்தக் கடை என்ன? பெட்டி 1, கேம் 0. "இந்தியப் பசங்க கேம் வாங்க மாட்டாங்க"ன்னு அப்போ சொன்னவங்க பார்த்தது இந்த மாதிரி பூஜ்யங்களைத்தான். அந்தப் பூஜ்யத்துக்குள்ள நாங்க இருபது பேர் இருந்தோம். டிஸ்க் திருட்டுதான், அதை நியாயப்படுத்தல. ஆனா ஆசை இல்லாம யாரும் வரிசையில நிக்க மாட்டாங்க.

அந்த ஆசையை நம்பித்தான் அதே 2009-ல் ஹைதராபாத்தில் உருவான 'ஹனுமான்: பாய் வாரியர்' பிஎஸ்2-க்கு வந்தது. பிஎஸ்2-க்காக இந்தியாவிலேயே உருவான முதல் கேம் அது. பிஎஸ்3 வந்து மூணு வருஷம் ஆகப்போற நேரம். பழைய பெட்டிக்கு ஏன் செஞ்சாங்க? நம்ம ஊர் வீடுகள்ல இருந்தது அதுதானே. 2013 ஜனவரியில் பிஎஸ்2 உற்பத்தி முடிஞ்சதா சோனி சொன்னது. 'டான் 2' கேம் பிஎஸ்2-க்கு வந்ததும் அதே வருஷம்தான். உலகத்துக்கு வயசான பெட்டி, இங்க அப்பவும் ஓடிட்டிருந்தது.

அதனால மக்களே, இப்படி ஒரு விகிதம் கண்ணுல பட்டா மூணு கேள்வி கேளுங்க. கன்சோலுக்கு வயசு என்ன? இது மொத்தக் கணக்கா, ஒரு வருஷக் கணக்கா? எந்தக் கடை இந்தக் கணக்குக்குள்ள வரல?

எங்க தெருமுனைக் கடை இப்போ மொபைல் ரீசார்ஜ் கடை. அந்த வழியாப் போனா இன்னும் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன்.