செம்பிலிருந்து கண்ணாடிக்கு வந்த வரிசை

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் செல்லும் சாலையோரம் புதைந்திருக்கும் ஃபைபர் கேபிளைப் பிரித்தால் முதல் இழை நீலம், அடுத்து ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். பிறகு வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா. கடைசியில் ரோஸ், அக்வா. இந்தப் பன்னிரண்டு நிறங்களைத்தான் பொதுவாக எதிர்பார்க்கலாம். இது ஒளியின் காலத்தில் பிறந்த வரிசை அல்ல என்பது என் வாதம். அமெரிக்காவின் பெல் தொலைபேசி அமைப்பு செம்புக் கம்பிகளுக்கு வகுத்த முறையில், வெள்ளை முதல் ஊதா வரை ஐந்து நிறங்கள் ஒரு பக்கம், நீலம் முதல் சாம்பல் வரை ஐந்து மறுபக்கம்; ஒரு பக்க நிறம் ஒவ்வொன்றும் மறுபக்க ஐந்தோடும் சேர்ந்து 25 ஜோடிகள். ஜெல்லி நிரப்பிய செம்புத் தொலைபேசிக் கேபிளோடு நம் லைன்மேன்கள் மனப்பாடம் செய்ததும் அதையேதான். ஃபைபர் அந்த இரு ஐந்துகளையும் இடம் மாற்றி ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, இரண்டு நிறங்களை மட்டும் புதிதாகச் சேர்த்துக்கொண்டது.

தற்செயல் ஒற்றுமை என்று சொல்ல முடியாது. பத்து நிறங்கள் தற்செயலாக இப்படி அணிவகுக்காது. ஜெர்மானிய ஃபைபர் வரிசை சிவப்பில் தொடங்குகிறதே என்பார்கள். உண்மைதான், அதுவே இந்த வரிசை இயற்கையின் கட்டாயம் அல்ல, கைமாறி வந்த மரபு என்பதற்குச் சான்று. ஒளியைச் செலுத்தி இழையை அடையாளம் காணலாமே என்ற வாதமும் உண்டு. ஆனால் சாலை விரிவாக்கத்தில் ஜேசிபி அறுத்த கேபிளின் இரு முனைகளையும், இணைப்புப் பெட்டிக்குள் கேபிள் இழைகளோடு ஒட்டப்படும் குட்டை இழைகளான பிக்டெயில்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தால், அதுவரை ஊர்கள் துண்டிக்கப்பட்டே கிடக்கும்.